எமில்டா அக்கா வீட்டை மணக்க வைத்த கதை

கனடாவில், ஸ்காபரோவில் மீன் கறி என்றால் அது எமில்டா அக்காதான் என்று நான் சொன்னால், ஸ்காபரோவில் உள்ள மற்றப் பெண்கள் எல்லோரும் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வரட்டும். அவருடைய வீட்டின் நிலக்கீழ் அறையில், பேஸ்மென்ரில், வருடக்கணக்காகக் குடியிருந்தவன் நான். வாடகையில் தண்ணீரும் மின்சாரமும் அடக்கம் என்று பேசித்தான் போனேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடும் அடக்கம் என்பது போன பிறகுதான் தெரிந்தது. அதன் பிறகு நண்பர்கள் எத்தனை நல்ல அறைகளைப் பற்றிச் சொன்னாலும் என் காதில் ஏறவில்லை.

அக்கா யாழ்ப்பாணத்தில் மீனுக்குப் பேர்போன குருநகர்ப் பெண். மீன் கடைக்குப் போனால் மீனின் செவுளைக் கிளப்பிப் பார்க்கமாட்டார். கடைக்காரரின் முகத்தைத்தான் பார்ப்பார். எப்போது வந்தது என்று கேட்டு, அந்த மனிதர் கண்ணை எந்தப் பக்கம் திருப்புகிறார் என்பதிலிருந்து மீனின் வயதைக் கணித்துவிடுவார். முதியோர் இல்லம் ஒன்றில் துணி தோய்க்கிற பகுதியில் அவருக்கு வேலை. கணவர் இக்னேசியஸ் அண்ணைக்கு பக்கத்து ஊரான மார்க்கத்தில் கம்பியூட்டர்ப் பெட்டிகளைப் பொருத்திப் பூட்டுகிற தொழிற்சாலையில் வேலை. ஒரே மகள் நிரோஷினி ஹைஸ்கூலில் படித்தாள். வீட்டில் நடப்பது எதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்ற முகத்தோடு திரிவாள்.

அந்த வீட்டை வாங்கியதே மீன் காய்ச்சத்தான் என்று அக்கா வெளிப்படையாகச் சொல்வார். அதற்கு முன்னர் அவர்கள் ஓர் அப்பாட்மென்ரில் உயரத்தில் எங்கோ ஒரு மாடியில் இருந்தார்கள். அக்கா கருவாடு பொரித்தால் பக்கத்து வீட்டுக்காரி உடனே கட்டடத்தைப் பார்க்கிற மனிதருக்குப் போன் எடுப்பாள். அவர் வந்து கதவைத் தட்டுவார். ஈரத் துவாயைக் கதவடியில் செருகி, பனி கொட்டுகிற நேரத்தில் பல்கனிக் கதவைத் திறந்து வைத்து, குடும்பமே ஜாக்கெற் போட்டுக்கொண்டு இருந்து சோறு தின்றிருக்கிறது. சொந்த வீட்டுக்கு வந்து வருடங்கள் போன பிறகும், அடுப்பில் மீன் இருக்கும்போது யாராவது கதவைத் தட்டினால் அக்காவின் கை ஒரு கணம் நின்றுவிடும்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு கோடையில் இக்னேசியஸ் அண்ணைக்கு விட்பிப் பைத்தியம் பிடித்தது. கிழக்கே விட்பி என்ற ஊரில், புது வீடுகள் வரப்போகிற வெறும் வயல் நடுவே நாலு கொடியையும் ஒரு மாதிரி வீட்டையும் கட்டி வைத்திருந்தார்கள். அண்ணை அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர், எங்களுடைய வீட்டுச் சுவர்களைப் பார்த்துப் பெருமூச்சு விடத் தொடங்கினார். அக்கா வேண்டாம் என்று சொல்லத்தான் ஒரு நாள் கூடப் போனார். போன இடத்தில் குசினியைக் கண்டார். அடுப்புக்கு மேலே காற்றை உறிஞ்சி வெளியே தள்ளுகிற பெரிய காற்றாடி. வளவுக்கு இறங்குகிற கதவு. பக்கத்து வீட்டுச் சுவர் நல்ல எட்டத்தில். இதற்குள் நண்டு காய்ச்சினால் யாருக்கு மணக்கும் என்று கேட்டார். காகத்துக்குத்தான் என்றார் அண்ணை. அக்கா அந்த இடத்திலேயே ஆசையில் விழுந்துவிட்டார்.

கையெழுத்து வைத்தாயிற்று. கிறிஸ்மசுக்கு முன் புது வீட்டைப் பாரமெடுக்க வேண்டும். அதற்குள் பழைய வீடு விற்றாக வேண்டும். விற்காவிட்டால் விட்பி வீடு கைவிட்டுப் போய்விடும். அக்கா ஞாயிறு பூசையில் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினார். நான் கொளுத்தவில்லை. வீடு விற்றால் என் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடும் அதோடு போகும் என்பதை அந்தோனியாரும் அறிவார்.

விற்றுக் கொடுக்கிற பொறுப்பு அருள்நாயகத்திடம் போனது. அந்த நாட்களில் தமிழ்க் கடை எதில் மரக்கறி வாங்கினாலும் அருள்நாயகத்தின் முகத்தையும் சேர்த்துத்தான் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். கலண்டரில் இருப்பார், பையில் இருப்பார், கோயில் நோட்டீசின் பின்பக்கத்திலும் இருப்பார். நேரில் இருப்பதைவிடப் படத்தில் தலைமயிர் கொஞ்சம் கூட. ஊரில் கணக்குப் படிப்பித்தவர், இங்கே வந்து வீட்டு ஏஜென்ற் ஆனார். தேத்தண்ணிக்குச் சீனி போதும் என்பதைக்கூடக் கரும்பலகைக்கு முன்னால் நின்று விளக்குவதுபோலச் சொல்வார்.

முதலில் வீடு பார்க்க வந்தவர்கள் சப்பாத்தைக் கழற்றி முடிக்கும் முன்னரே திரும்பப் போட்டுக்கொண்டு போனார்கள். ஒரு பின்னேரம் அருள்நாயகம் வந்து சோபாவில் உட்கார்ந்தார். தேத்தண்ணியைக் குடித்தார். குளிர் இந்த முறை முந்திவிட்டது என்றார். கடைசியில், "அக்கா, குறை நினைக்கக்கூடாது. வீட்டிலை கொஞ்சம் மணம் கிடக்கு," என்றார்.

என்ன மணம் என்று அக்கா உண்மையாகவே தெரியாமல் கேட்டார். அருள்நாயகம் உதவிக்கு அண்ணையைப் பார்த்தார். அண்ணை கூரையைப் பார்த்தார். மாடிப்படியில் நின்ற நிரோஷினிதான், "மீன் மணம், அம்மா. எவ்றிபடி நோஸ்," என்று சொல்லிவிட்டு மேலே போனாள்.

அக்காவின் முகம் விழுந்துபோனது. எனக்குப் பொறுக்கவில்லை. வேலையால் களைத்து வரும்போது அந்த மணம் வாசலிலேயே வந்து என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகும். அதைக் குற்றம் என்று சொல்ல இந்தக் கலண்டர் மனிதருக்கு என்ன துணிச்சல் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பேஸ்மென்ற்காரனுக்கு மேல் வீட்டு விசயத்தில் வாய் கிடையாது. தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு இருந்தேன்.

அருள்நாயகம் நோயோடு மருந்தையும் கொண்டுவந்திருந்தார். ஏஜென்ற்மாருக்கு வைத்த வகுப்பொன்றில் சொல்லிக் கொடுத்தார்களாம். ஆட்கள் வீடு பார்க்க வருகிற நேரம் ஓவனுக்குள் அப்பிள் கொப்ளர் வேக வேண்டும். இலையுதிர் காலத்தில் அப்பிளும் கறுவாப்பட்டையும் பட்டரும் சேர்ந்து மணந்தால் வருகிற வெள்ளைக்காரருக்குத் தன் அம்மாவின் வீடு ஞாபகம் வரும். ஞாபகம் வந்தால் பேனாவை எடுப்பார். கொப்ளர் என்றால் என்ன என்று அண்ணை கேட்டார். அப்பிளால் செய்கிற ஒரு சாமான் என்றார் அருள்நாயகம். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. கூடவே ஒரு கட்டளையும் போட்டார். வீடு விற்கும்வரை மீன் கூடாது, கருவாட்டுப் பேச்சே கூடாது, தாளிப்பதும் கூடாது. அந்தக் கட்டளையால் அதிகம் பாதிக்கப்பட்டவன் நான் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

அப்பிளுக்குப் பஞ்சமில்லை. பூசைக்கு வருகிற சனம் எல்லாம் மார்க்கத்துக்கு வடக்கே ஓர் அப்பிள் தோட்டத்துக்கு வான் வண்டிகளில் ஏறிப்போய், உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த சின்னப் பைகளை மடியிலிருந்து எடுத்து, மரத்தடியில் நின்றே பச்சை அப்பிளைத் தொட்டுத் தின்று, மிச்சத்தை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தது. எங்கள் பங்கு கராஜில் கிடந்தது.

செய்முறையை அக்கா வேலையிடத்தில் கேட்டு வந்தார். அவரோடு சேர்ந்து படுக்கை விரிப்பு மடிக்கிறவர் டோரத்தி என்ற வயதான அம்மா. விரிப்பின் ஒரு நுனியை அக்காவும் மறு நுனியை டோரத்தியும் பிடித்துக்கொண்டு, கிட்ட வரும்போதெல்லாம் ஒவ்வொரு வரியாகச் சொல்லி முடித்தாராம். அப்பிளைச் சீவி நறுக்கி, சீனியும் தேசிக்காய்ப் புளியும் கறுவாத் தூளும் பிரட்டித் தட்டின் அடியில் போட வேண்டும். மாவும் பட்டரும் பாலும் பேக்கிங் பவுடரும் சேர்த்துக் கொழகொழவென்று பிசைந்து, கரண்டியால் அள்ளி அங்கொன்றும் இங்கொன்றுமாக மேலே வைக்க வேண்டும். பொன்னிறமாகும்வரை வேகவிட வேண்டும். அவ்வளவுதான்.

அக்காவுக்கு இதில் இரண்டு இடம் பிடிக்கவில்லை. உள்ளே வைக்க வேண்டிய பழத்தை அடியில் போட்டு, மூட வேண்டிய மாவைத் துண்டு துண்டாக மேலே வைப்பது என்ன பழக்கம் என்பது ஒன்று. கறுவா என்பது ஆட்டிறைச்சிக்குப் போடுகிற சாமான் அல்லவா, அதைக் கொண்டுபோய்ப் பழத்தில் போடுவதா என்பது மற்றது. பாதியில் கைவிட்ட வேலைபோல இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் செய்ய ஆயத்தமானார்.

இங்கே ஓவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கனடாவில் எங்கள் சனத்தின் வீட்டு ஓவன் என்பது அடுப்பு அல்ல, அலுமாரி. கதவைத் திறந்தால் தாச்சியின் மேல் தாச்சி, அதன் மேல் இடியப்பத் தட்டு, அதன் மேல் மூடி இல்லாத சட்டி, சட்டி இல்லாத மூடி. எமில்டா அக்கா வீட்டு ஓவனும் வீடு வாங்கிய நாள் முதல் அப்படித்தான் இருந்தது. அதற்குள் நெருப்பு வரும் என்பதையே எல்லோரும் மறந்திருந்தார்கள்.

இக்னேசியஸ் அண்ணை மறக்கவில்லை. குருநகரில் அவர் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி இருந்தது. அதனால் வெதுப்புகிற விசயத்தில் தனக்கு ஒரு பரம்பரை உரிமை உண்டு என்று நினைத்தார். பேக்கரியில் பாண் சுடுகிற போறணை என்றால் முதலில் வெறுமனே எரித்துச் சூடாக்க வேண்டும், பிறகுதான் பாணை உள்ளே தள்ள வேண்டும் என்று எனக்கு விளக்கிக்கொண்டே, அந்தச் சனிக்கிழமை அக்கா அப்பிள் சீவிக்கொண்டிருந்தபோது, ஓவனின் திருகை அது போகும் மட்டும் திருகிவிட்டார். கதவைத் திறந்து பார்க்கவில்லை.

உள்ளே சட்டிகளோடு அக்காவின் தங்கை அனுப்பிய பயத்தம் பணியாரம் பிளாஸ்ரிக் பெட்டியோடு இருந்தது. மர இடியப்ப உரலும் இருந்தது. முதலில் பிளாஸ்ரிக் உருகியது. பிறகு பணியாரம் கருகியது. கடைசியில் உரல் புகைந்தது. கூரையில் இருந்த அலாரம் அலறியது. அண்ணை துவாயை எடுத்துக்கொண்டு அதன் கீழே நின்று காவடிக்காரர் போல ஆடினார். அந்த நேரம் பார்த்து அருள்நாயகம் ஒரு சீனக் குடும்பத்தை வாசலுக்குக் கூட்டிவந்தார். அவர்கள் சப்பாத்தில் கையே வைக்கவில்லை.

இரண்டாம் முறையை வீடு பார்க்க ஒருவரும் வராத ஒரு கிழமை நாளில் ஒத்திகையாகச் செய்தார்கள். ஓவன் காலியாகிவிட்டது. மாவு பதமாக வந்தது. அப்பிளும் அளவாக வெந்தது. ஆனால் தூளாக விற்கிற கறுவாவில் அக்காவுக்கு நம்பிக்கை இல்லை. நல்ல பட்டையாக வாங்கித் தானே அரைத்தார். அரைத்தது எதில் என்றால், வறுத்த மிளகாயும் மல்லியும் சீரகமும் சேர்த்துக் கறித்தூள் அரைக்கிற அதே கிறைண்டரில். துடைத்துவிட்டுத்தான் அரைத்தேன் என்று இன்றைக்கும் சொல்வார்.

ருசி பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். முதலில் இனித்தது. பிறகு புளித்தது. அதன் பிறகு தொண்டைக்குள் யாரோ தீக்குச்சி கிழித்தார்கள். கண் கலங்க அக்காவைப் பார்த்தேன். அண்ணை ஒரு துண்டை முழுதாக விழுங்கி, தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் யோசித்து, சொதி ஊற்றினால் சோற்றோடு சாப்பிடலாம் என்றார். அக்கா தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்குத்தான் அவர் அழுததை நான் பார்த்தேன். நாள் நெருங்குகிறது, மீனை விட்டாயிற்று, அதற்குப் பதிலாகச் செய்யச் சொன்னதும் கைக்குள் வரவில்லை. தன் சமையலறையில் தானே விருந்தாளி ஆகிவிட்டதுபோல் இருக்கிறது என்று நிரோஷினியிடம் சொன்னாராம். அந்தப் பெண் அதைக் கேட்டுக் கொஞ்சம் இளகி, அடுத்த நாள் பள்ளிக்கூடத்தால் வரும்போது தன் காசில் ஒரு சின்னக் குப்பி கறுவாத் தூள் வாங்கிவந்தாள்.

அடுத்த ஞாயிறு ஒப்பின் ஹவுஸ். வாசலில் பலகை நட்டு, தெருவில் போகிற யாரும் உள்ளே வந்து பார்க்கலாம் என்று விடுகிற நாள். இதுதான் கடைசிச் சந்தர்ப்பம் என்றார் அருள்நாயகம். பனி விழத் தொடங்கினால் ஒருவரும் வீடு பார்க்க வெளிக்கிடமாட்டார்கள். முதல் நாளே வந்து குசினியைச் சோதனை போட்டார். மண்சட்டிகள், தூள் வாளிகள், தேங்காய்த் திருவலை, அம்மி, மீன் வெட்டுகிற பலகை, பெட்டி பெட்டியாய்க் கருவாடு எதுவும் கண்ணில் படக்கூடாது என்றார். எங்கே வைப்பது? பேஸ்மென்ரில் என்னுடைய குளியலறை இருந்தது. எல்லாவற்றையும் என் குளியல் தொட்டிக்குள் அடுக்கித் திரையை இழுத்து மூடினார்கள். நான் எங்கே குளிப்பது என்று கேட்டேன். வீடு விற்ற பிறகு என்றார் அண்ணை.

வீட்டுக்காரர் யாரும் வீட்டில் நிற்கக்கூடாது என்பது ஏஜென்ற்மாரின் இன்னொரு சட்டம். அண்ணையும் நிரோஷினியும் காரில் ஏறிப்போய்விட்டார்கள். அக்கா மறுத்துவிட்டார். அடுப்பை எரியவிட்டுவிட்டு வீட்டுக்காரி வெளியே போவது எந்த ஊர் முறை என்று கேட்டார். கடைசியில் அருள்நாயகம் இறங்கிவந்தார். அக்கா பேஸ்மென்ரில் என்னோடு இருக்கலாம், ஆட்கள் கீழே வந்தால் வீட்டைச் சூடாக்கும் மெஷின் இருக்கிற அறைக்குள் போய்விட வேண்டும், வாய் திறக்கக்கூடாது.

அன்றைய கொப்ளர் மூன்றாவது. பொய் சொல்லக்கூடாது, அருமையாக வந்தது. மேலே மாவு பொன்னிறமாக வெடித்து, வெடிப்புகளுக்குள்ளால் அப்பிள் சாறு கொதித்துக்கொண்டு இருந்தது. மணம் படியால் இறங்கிக் கீழே வந்தது. அக்கா என் கட்டிலில் மாவு படிந்த ஏப்ரனோடு இருந்து செபமாலை உருட்டினார். காற்று வருகிற குழாய் வழியாக மேலே பேசுவதெல்லாம் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

வந்தவர்கள் எல்லோரும் மணத்தைப் புகழ்ந்தார்கள். ஒரு வயதான சோடி, இது யார் செய்தது, கொஞ்சம் ருசி பார்க்கலாமா என்று கேட்டது. அருள்நாயகம் மகிழ்ச்சியில் கோப்பைகளை எடுத்து நீட்டினார். ருசி பார்த்தார்கள். இன்னும் கொஞ்சம் எடுத்தார்கள். பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறோம், வீடு வாங்குகிற எண்ணம் இல்லை, சும்மா நடந்து வந்தோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பின்னால் வந்தவர்களும் தின்றுவிட்டுத்தான் போனார்கள். குழாய்க்குள்ளால் கரண்டிச் சத்தம் கேட்டதே தவிரப் பேனாச் சத்தம் கேட்கவில்லை.

பலகையைப் பிடுங்குகிற நேரம் ஒரு தமிழ்ச் சோடி வந்தது. கணவன் பெயர் இராஜரட்ணம், மனைவி மங்கையற்கரசி. ஓர் அப்பாட்மென்ரில் இருக்கிறார்கள், முதல் வீடு தேடுகிறார்கள் என்பதெல்லாம் குழாய் சொன்னது. இராஜரட்ணத்துக்கு வீடு பிடித்துவிட்டது என்பது அவர் சுவரைத் தட்டிப் பார்த்த சத்தத்திலேயே தெரிந்தது. மங்கையற்கரசி குசினிக்குள் வந்து நின்றார்.

"வடிவான மணம்தான்," என்றார். "வெள்ளைக்காற வீடு மாதிரிக் கிடக்கு." பிறகு குரலைத் தாழ்த்திக் கணவனிடம், "இது எங்களுக்குச் சரிவராது அப்பா. இஞ்சை ஒரு கருவாடு பொரிச்சாலும் பொலிஸ் வரும். அதுக்கு இருக்கிற அப்பாட்மென்ரிலேயே இருக்கலாம்," என்றார்.

அருள்நாயகத்துக்குப் பாதிதான் கேட்டிருக்க வேண்டும். நல்லதைச் சொல்கிறோம் என்று நினைத்து, "பயப்பிடாதேங்கோ தங்கச்சி. இந்த வீட்டிலை ஒரு நாளும் மீன் காய்ச்சினதில்லை," என்றார்.

அக்காவின் கையில் செபமாலை நின்றது. முகத்தைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. வாய் திறந்தால் விட்பி போய்விடும் என்று அருள்நாயகம் சொல்லியிருக்கிறார். திறக்காவிட்டால், இத்தனை வருடம் தான் காய்ச்சியதெல்லாம் நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். காலடிகள் படியில் இறங்கின. அக்கா எழுந்து மெஷின் அறைக்குள் போனார். நான் கட்டிலில் இருந்து ஒரு பேப்பரை விரித்துப் பிடித்தேன்.

அருள்நாயகம் பேஸ்மென்றைக் காட்டினார், யன்னலைக் காட்டினார், என்னையும் ஒரு தளபாடம்போல, நல்ல பெடியன், வாடகை ஒழுங்காய்த் தருவான் என்று காட்டினார். மங்கையற்கரசி குளியலறைக் கதவில் கை வைத்தார். அது சின்ன அறை, பார்க்க ஒன்றுமில்லை என்று அருள்நாயகம் குறுக்கே நின்றார். அப்போதுதான் மெஷின் அறைக் கதவு திறந்தது.

"நான்தான் இந்த வீட்டுக்காறி," என்றார் அக்கா. "இவர் சொல்லுறது பொய். வீடு வாங்கின நாளிலையிருந்து நான் இஞ்சை மீன் காய்ச்சிறன். பாரை, திருக்கை, நண்டு, கணவாய் எல்லாம் காய்ச்சியிருக்கிறன். கருவாடும் பொரிச்சனான். குறை சொல்லி ஒருத்தரும் வந்து கதவைத் தட்டேல்லை. நீங்கள் வாங்காட்டிலும் பரவாயில்லை. என்ரை வீட்டை மீன் காய்ச்சாத வீடெண்டு மட்டும் நினைச்சுக்கொண்டு போகாதேங்கோ."

சொல்லிவிட்டு நேரே குளியலறைக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டார். தொட்டி நிறையச் சட்டி பானை. அருள்நாயகம் கண்ணை மூடிக்கொண்டார்.

மங்கையற்கரசி தொட்டியின் விளிம்பில் மெதுவாக உட்கார்ந்தார். மேலே இருந்த மண்சட்டி ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி, முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார். எத்தனை தரம் கழுவினாலும் மண்சட்டி தன் மணத்தை விடாது.

"பாரையோ?" என்று கேட்டார்.

"திருக்கை," என்றார் அக்கா.

மங்கையற்கரசி கணவனை நிமிர்ந்து பார்த்தார். "இந்த வீட்டை எடுப்பம், அப்பா," என்றார். பிறகு அக்காவிடம், அந்தச் சட்டியையும் விட்டுவிட்டுப் போவீர்களா என்று வெட்கத்தோடு கேட்டார். அக்கா தலையாட்டினார். அன்று பின்னேரமே அண்ணை ஓடிப்போய் மீன் வாங்கிவந்தார். ஒப்பந்தத் தாளை விரித்த மேசையிலேயே சோற்றுக் கோப்பைகளும் வந்தன. அருள்நாயகமும் இருந்து வயிறாரச் சாப்பிட்டார். கொப்ளர் முடிந்துபோயிருந்தது.

வீட்டை விற்றது கொப்ளர்தான் என்று அருள்நாயகம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அதன் பிறகு ஸ்காபரோவில் தமிழர் விற்கிற வீடெல்லாம் அப்பிளும் கறுவாவுமாக மணக்கத் தொடங்கியது. என்னையும் வீட்டோடு சேர்த்தே விற்றார்கள். மங்கையற்கரசி நல்லவர். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு வாடகையில் அடக்கம் என்பது இந்த வீட்டின் பழைய சட்டம் என்று நான் சொன்னபோது நம்பினார்.

கிறிஸ்மசுக்கு முன்னரே அக்கா விட்பிக்குப் போய்விட்டார். அங்கேதான் எங்களுக்கு விளங்காத ஒன்று நடந்தது. ஆசைப்பட்ட குசினி, ஆசைப்பட்ட காற்றாடி, நல்ல எட்டத்தில் பக்கத்து வீடு எல்லாம் இருந்தும் அக்கா மீன் காய்ச்சவில்லை. அலுமாரியெல்லாம் வெள்ளை வெளேரென்று கிடக்கிறது, கை வைக்க மனம் வரவில்லை என்றார். பெயின்ற் மணம் போகட்டும் என்றார். நாளைக்கு விற்க வந்தால் என்றார். அண்ணை கேட்கும்போதெல்லாம் அடுத்த கிழமை என்றார். ஓவன் மட்டும் எரிந்தது. கராஜில் கிடந்த அப்பிள் மூட்டை முடியுமட்டும் கொப்ளர் செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்காபரோவுக்குப் பூசைக்கு வந்து, கையில் கொப்ளர்த் தட்டோடு பழைய வீட்டுக்கு வருவார்கள். எங்களுக்குக் கொப்ளரைத் தந்துவிட்டு, மங்கையற்கரசி காய்ச்சிய மீனைச் சாப்பிடுவார்கள்.

மாசி மாதம் ஒரு ஞாயிறு, உள்ளே கருவாடு பொரிந்துகொண்டு இருந்தது. அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். ஜாக்கெற்றைக் கழற்றவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு நின்றார். கண் நிறைந்து வழிந்தது.

"என்ரை வீடு மணக்குது," என்றார்.

அப்போ விட்பியில் இருப்பது யாருடைய வீடு என்று அண்ணை எரிச்சலோடு கேட்டார்.

"அது இன்னும் அருள்நாயகத்தின்ரை வீடு. ஒரு நாளும் மீன் காய்ச்சாத வீடு," என்றார் அக்கா.

சாப்பிட்டு முடிந்து அவர்கள் வெளிக்கிடும்போது, மங்கையற்கரசி அந்தத் திருக்கைச் சட்டியைக் கழுவித் துடைத்து, அதற்குள் ஒரு பை கருவாட்டையும் வைத்து, அக்காவின் மடியில் கொண்டுபோய் வைத்தார். இதைத் திருப்பிக் கொண்டுவந்தால் வீட்டுக்குள் எடுக்கமாட்டேன் என்று சொல்லிக் கார்க் கதவைச் சாத்தினார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து நெடுநேரமாகியும் அவர்களைக் காணவில்லை. பனியில் காருக்கு ஏதும் நடந்துவிட்டதோ என்று நான் விட்பிக்குப் போன் எடுத்தேன். அண்ணைதான் எடுத்தார். அவருக்குப் பின்னால் அலாரம் காது கிழிய அலறிக்கொண்டு இருந்தது. என்ன நடந்தது என்று கத்திக் கேட்டேன்.

"எமில்டா கருவாடு பொரிக்கிறா," என்றார் அண்ணை. "ஆரோ கதவைத் தட்டுகினம். நிண்டு தட்டட்டும், பொரிச்சு முடிச்சிட்டுத் திறக்கிறன் எண்டு சொல்லுறா. பிறகு எடுக்கிறன், தம்பி."

நான் போனை வைத்துவிட்டு மங்கையற்கரசியிடம் போய்ச் சொன்னேன். அன்றைக்கு எங்கள் வீட்டுக்குக் கொப்ளர் வரவில்லை.